ஜெயராணியின் இரண்டு எடைகள்

2004 ஜூன் 7, திங்கள்கிழமை. காலை ஐந்தேகாலுக்கு எழுந்தேன். வாசல் தெளித்துக் கோலம் போட்டேன். ஆறு மணிக்குப் பால் சொசைட்டியில் அரை லிட்டர் வாங்கினேன். ஒருத்திக்கு அது அதிகம்தான். கால் லிட்டர் என்று கேட்க வெட்கமாக இருப்பதால் பல வருடங்களாக அரை லிட்டரே வாங்குகிறேன். மிச்சத்தை உறை ஊற்றி, தயிரைப் புளிக்க விட்டு, மூன்றாம் நாள் செடிக்கு ஊற்றுகிறேன். ஏழு ஐம்பது பஸ்ஸில் மீனாட்சிபுரத்திலிருந்து கிளம்பி, எட்டே முக்காலுக்குக் கொல்லங்கோட்டுப் பக்கம் நான் நர்சாக வேலை பார்க்கும் சப் சென்டரைத் திறந்தேன். மாதத்தின் முதல் திங்கள், குழந்தைகளுக்கு எடை போடும் நாள். முப்பத்தொரு குழந்தைகள் வந்தார்கள்.

பதினேழாவதாக வந்த தாய்க்கு இருபது வயதுகூட இருக்காது. பெண் குழந்தைக்குப் புதுச் சட்டை போட்டுக் கொண்டுவந்திருந்தாள். அதைக் கழற்றச் சொன்னதும் தயங்கினாள்.

“ஏனுங் சிஸ்டர், கழட்டித்தான் ஆகோணுங்களா? உள்ள ஒண்ணுமில்லீங்க.”

“கழட்டுங்க,” என்றேன். தேவைக்கு மேல் கடுமையாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அந்தப் பெண்ணின் முகம் சின்னதாகிவிட்டது. குழந்தை எட்டு கிலோ நானூறு. அவள் சொன்னபடி சட்டைக்குள் ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் டிரங்குப் பெட்டியைத் திறந்து 1976ஆம் வருட டைரியை எடுத்தேன். தேடவில்லை. வருட வரிசையில்தான் அடுக்கியிருக்கிறேன். ஒவ்வொன்றின் முதுகிலும் வருடம் எழுதிய தாள் ஒட்டியிருக்கும். நீங்கள் சிரிப்பீர்கள், சிரியுங்கள். என் அம்மாவே சிரித்துத்தான் போனாள்.

ஜூன் மாதப் பக்கங்களில் ஒன்றில் எண்ணெய் படிந்த சின்ன விரல் தடம் இருக்கிறது. தாள் அந்த இடத்தில் மட்டும் கண்ணாடி போலாகிவிட்டது. மூக்கருகே வைத்துப் பார்த்தேன். வேர்க்கடலை வாசனை வரவில்லை, பாச்சை உருண்டை வாசனைதான் வந்தது. ஆனாலும் அந்த அறை ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

1975 மார்ச்சில், இருபத்திரண்டு வயதில், குமுளியிலிருந்து வண்டிப்பெரியாறு போகும் வழியில் இருந்த ஒரு தேயிலை எஸ்டேட்டில் பிரசவம் பார்க்கும் நர்சாகச் சேர்ந்தேன். மேல்மேட்டில் கிளார்க்குமார்களின் வீடுகள். கீழ்ச்சரிவில் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்கள். நடுவில் டிஸ்பென்சரி, அதன் பின்னால் ஓர் அறையும் ஓர் அடுப்படியும் எனக்கு. மேலே இருந்தவர்கள் மலையாளிகள். எனக்கு மலையாளம் நன்றாகவே வரும், ஆனாலும் ஓணத்துக்குப் பாயசம் கொடுத்தனுப்பினார்களே தவிர உள்ளே வா என்று சொன்னதில்லை. கீழே இருந்தவர்கள் திருநெல்வேலி, மதுரைப் பக்கத்துத் தமிழர்கள். நான் லயத்துக்குப் போனால் “நர்சம்மா” என்று எழுந்து நின்றுவிடுவார்கள். எழுந்து நிற்கிறவர்களோடு எப்படி உட்கார்ந்து பேசுவது? முதல் வருட டைரியில் ‘இன்று வேலை அல்லாத பேச்சு இல்லை’ என்ற வரி நாற்பத்து மூன்று முறை வருகிறது. பின்னால் ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். எண்ணுகிற புத்தி அப்படி.

வேலை நிறைய இருந்தது. வயிற்றில் பிள்ளை தங்கிய மாதத்திலிருந்து, அந்தப் பிள்ளை வயதுக்கு வந்து கொழுந்து பறிக்கக் கூடை மாட்டும் வரை எல்லாம் என் ரெஜிஸ்டரில்தான். கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பேன். எல்லோரும் பணிவாக வாங்கிக்கொண்டு போவார்கள். ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அந்த மாத்திரை தின்றால் பிள்ளை கறுத்துவிடும் என்று லயத்தில் பேச்சு. மூன்றாம் லயத்துக்குப் பின்னால் வாய்க்காலில் சிவப்புச் சிவப்பாகக் கிடந்தன. அதற்குப் பிறகு என் முன்னாலேயே விழுங்கச் சொன்னேன். ஒரு பெண் நாக்கின் அடியில் ஒளித்துவைத்துக்கொண்டு பத்து நிமிடம் என்னோடு குசலம் விசாரித்துவிட்டுப் போனாள். அவள் திறமையை டைரியில் பாராட்டி எழுதியிருக்கிறேன்.

நான் செய்த பெரிய தவறு எடை போடுவதில். டிஸ்பென்சரியில் குழந்தைகளுக்கான தராசு இல்லை. எனவே மாதத்தின் முதல் சனிக்கிழமை மஸ்டரில், அதாவது காலையில் ஆள் கணக்கெடுத்து மாலையில் கொழுந்து நிறுக்கும் கொட்டகையில், கொழுந்து நிறுக்கும் கொக்கித் தராசில் ஒரு தூளி கட்டிக் குழந்தைகளை நிறுத்தேன். அந்தத் தராசுக்கும் அந்தப் பெண்களுக்கும் எவ்வளவு நாள் வழக்கு என்று நான் யோசிக்கவில்லை. அவர்கள் கொழுந்தை நனைத்துக் கொண்டுவருவார்கள், சாக்கின் அடியில் கனமாக எதையாவது போடுவார்கள். கங்காணி தங்கையா ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழிவு போட்டுத்தான் எழுதுவார். அவர்கள் ஏற்ற, இவர் கழிக்க, தினமும் நடக்கிற கூத்து. அதே கொக்கியில்தான் நான் பிள்ளைகளைத் தொங்கவிட்டேன். தராசைப் படித்துச் சொல்லவும் அதே தங்கையா.

தங்கையா கெட்டவர் இல்லை. தராசுக்கு முன்னால் நின்றால் அவர் வாயில் வேறு பேச்சு வராது. “ஒம்பது! பரவாயில்ல!” என்பார். எடை குறைந்தால், “என்ன புள்ள, அரைக்கூடை கொழுந்து தேறாது போலிருக்கே!” என்று நாலு பேர் கேட்கச் சொல்வார். சுற்றி நிற்கிற பெண்கள் சிரிப்பார்கள். தாய்க்குக் காது சிவந்துவிடும்.

அத்தனை பேர் பார்க்கப் பிள்ளையை அம்மணமாக்கினால் கண்பட்டுவிடும் என்று யாரும் உடுப்பைக் கழற்றவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. தங்கையாவைப் பார்த்து நானும் ஒரு கழிவு வைத்தேன்: உடுப்புக்கு முந்நூறு கிராம். தூளிக்குத் தனியாக நூற்றைம்பது. கிராம் பிசகாமல் கழித்து, அட்டையில் புள்ளி வைத்து, புள்ளிகளைச் சேர்த்துக் கோடு இழுத்தேன். என்ன அழகான கோடுகள்! அவற்றில் மிக அழகானது ஜெயராணியின் கோடு.

ஜெயராணி, மரியபுஷ்பத்தின் பெண். நான் அந்த எஸ்டேட்டில் பார்த்த பதினோராவது பிரசவம். புஷ்பத்துக்கு என்னைவிட இரண்டு வயது கூட இருக்கும். கொழுந்து பறிப்பதில் கைவேகக்காரி. அவள் கணவர் எஸ்டேட் ஃபாக்டரியில் மெஷின் வேலை. ஜெயராணியின் எடை மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக, ஒருமுறைகூட இறங்காமல், அட்டையில் எடை குறைவைக் காட்டும் சிவப்புக் கோட்டுக்குச் சற்று மேலேயே போய்க்கொண்டிருந்தது. 1976 ஜூன் மாத எடை ஏழே முக்கால். ‘சீரான வளர்ச்சி’ என்று டைரியில் எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறேன்.

ஜூன் 14, திங்கள்கிழமை காலை பத்தே முக்காலுக்கு, தாய்மார் வேலைக்குப் போயிருக்கும்போது பிள்ளைகளை விட்டுச்செல்லும் கொட்டகைக்குப் போனேன். ஜெயராணி கஞ்சியை வாந்தி எடுத்திருந்தாள். ஆயா வேறொரு பிள்ளையைக் கழுவிக்கொண்டிருந்ததால் நானே அவளுடைய ஸ்வெட்டரைக் கழற்றி பெஞ்சில் போட்டேன். டக்கென்று இரும்புச் சத்தம் கேட்டது. பிள்ளையைத் தூக்கினேன். கை தானாக மேலே போய்விட்டது. ஏழே முக்கால் கிலோ கனத்துக்குத் தயாராக இருந்த கை. விலா எலும்புகளை எண்ணலாம் போலிருந்தது. பின்புறத்துத் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. பதினாறு நாளுக்கு ஒருமுறை கொட்டகைக்குச் சுற்று வருகிறவள் நான். எப்போதும் ஸ்வெட்டரோடுதான் பார்த்திருக்கிறேன்.

ஸ்வெட்டரின் கீழ் விளிம்பை மடித்து உள்ளே துணிப்பட்டை வைத்துத் தைத்திருந்தது. பிரித்தேன். இருபத்தாறு நட்டுகள். ஃபாக்டரி மெஷினில் போல்ட்டுக்குப் போடுகிற நட்டுகள். ஒன்றோடொன்று உரசாமல் ஒவ்வொன்றுக்கும் தனி அறை தைத்து, நடுவில் இரட்டை முடிச்சு. புதிய நூல், பழைய நூல் என்று நிறம் மாறியதில் மாதாமாதம் சேர்த்தது தெரிந்தது. எண்ணூற்று நாற்பது கிராம். பிள்ளையை டிஸ்பென்சரிக்குத் தூக்கிவந்து, மஸ்டரில் சும்மா கிடந்த இன்னொரு கொக்கித் தராசை வாங்கி மாட்டி நிறுத்தேன். உண்மை எடை ஆறு கிலோ தொள்ளாயிரம்.

மாலை ஐந்தரைக்கு மஸ்டர் முடிந்து புஷ்பம் டிஸ்பென்சரிக்கு வந்தாள். மேஜையில் நட்டுகளைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

“இதென்னங்க?” என்றேன்.

“நட்டு.”

“நட்டுன்னு எனக்குந் தெரியுமுங்க. எதுக்கு வெச்சீங்க?”

“அவுக ஃபாக்டரில கழிச்சுப் போட்டது நர்சம்மா. திருட்டுச் சாமான் இல்ல.”

நான் திருட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை. பிள்ளையைக் காட்டினேன். அவள் பிள்ளையை வாங்கி முந்தானையால் மூடிக்கொண்டாள். பிறகு சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

“நீங்க வாரதுக்கு முன்ன, மூத்தவன நிறுத்தாக. எட கொறச்சல்னு எழுதுனாக. டாக்டரு சீட்டுக் குடுத்தாரு, கீழ பெரிய ஆஸ்பத்திரிக்கு. நா இவள வயித்துல வச்சிருந்தேன், மலையிறங்கக் கூடாதுன்னு சொல்லிட்டாக. இவ அப்பாதான் ஜீப்புல கொண்டுபோனாக. நாலாம் நாளு திரும்பி வந்தாக. கைல சட்ட மட்டுந்தான் இருந்துச்சு.”

அந்த ஆஸ்பத்திரியை நான் குற்றம் சொல்ல மாட்டேன். பேதியில் வற்றி, தாமதமாகப் போய்ச் சேர்ந்த பிள்ளையாகத்தான் இருக்கும். ஆனால் அதை அவளிடம் சொல்லி என்ன? அவள் கண்டது இவ்வளவு: எண் குறைந்தால் பிள்ளையைக் கொண்டுபோவார்கள். மாதம் ஒருமுறை வரும் டாக்டர் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளின் பட்டியலைத்தான் முதலில் கேட்பார். சீட்டு எழுதினால் அவள் இரவோடு இரவாகப் பிள்ளையோடு ஊருக்குப் போய்விடுவாள் என்பது அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது. அங்கே பிள்ளை என்ன ஆகும் என்பதும் தெரிந்தது.

காலில் வீக்கம் இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தேன். கண், நாக்கு, சூடு பார்த்தேன். பிறகு சொன்னேன்.

“நாளையிலிருந்து காலைல ஆறேகாலுக்கு, மஸ்டருக்கு முன்னால, இவளத் தூக்கிட்டு எங்கிட்ட வரோணும். என் கண்ணு முன்னால சோறூட்டோணும். ரெண்டு வாரத்துல இருநூறு கிராம் ஏறலீன்னா டாக்டர்கிட்டச் சொல்லிருவேன். நீங்க அழுதாலும் சொல்லிருவேன்.”

“அதுவரைக்கும் எழுத மாட்டீகளா?”

“மாட்டேன்.”

மாட்டேன் என்று சொன்னது நான்தான். அடுத்த மாத அட்டையில் ஜெயராணிக்கு ஏழு எண்ணூறு என்று பொய்ப் புள்ளி வைத்தேன். டைரியில் மட்டும் உண்மை எடையை எழுதினேன். எடை போடுவதையும் மஸ்டர் கொட்டகையின் உள்ளறைக்கு மாற்றி, கதவைச் சாத்தி, உடுப்பு இல்லாமல், ஒவ்வொருவராக, நானே படித்தேன். தங்கையா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மற்றப் பிள்ளைகளில் நான்கு பேரின் இடுப்பில் வெள்ளி அரைஞாணும் வயிற்றில் அளவுக்கு மிஞ்சின பழைய சோறும் இருந்தது அப்போதுதான் தெரிந்தது. அவர்கள் யாரும் சிவப்புக்குக் கீழே போகவில்லை. ஜெயராணி மட்டுந்தான்.

ராகியை முளைகட்டி உலர்த்தி வறுத்து, வேர்க்கடலை, பொட்டுக்கடலை சேர்த்து அரைத்துவைத்தேன். அதில் வெல்லம், ஒரு கரண்டி தேங்காயெண்ணெய். ஒருநாள் விட்டு ஒருநாள் முட்டை. முதல் மூன்று நாள் ஜெயராணி அத்தனையையும் என் மேலேயே துப்பினாள். நான்காம் நாள் கரண்டியைப் பிடுங்கித் தானே வாயில் வைத்துக்கொண்டாள். திறந்திருந்த டைரியில் கையை ஊன்றினாள். அந்தத் தடம்தான்.

இரண்டு வாரத்தில் இருநூற்றைம்பது ஏறியது. அன்று புஷ்பம் அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். கவனித்தீர்களா? உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு எழுந்து நிற்கவில்லை.

“நர்சம்மா, எங்க லயத்துல பேசிக்கிடுதாக, நீங்க பேசுனா மருமகன விருந்துக்குக் கூப்புடுத மாதிரி இருக்குன்னு. ‘வாங்கோ, உக்காருங்கோ, மாத்திரை சாப்புடுங்கோ.’”

“எங்க ஊருல எல்லாருமே அப்பிடித்தானுங்க பேசுவாங்க.”

“சண்டை போடும்போதுமா?”

“சண்டைக்கும் அப்பிடித்தானுங்க.”

அவள் சிரித்த சிரிப்பில் பிள்ளை பயந்து என்னிடம் தாவினாள்.

இன்னொரு நாள் கேட்டாள், “எதுக்கு எல்லாத்தையும் எழுதுதீக?”

“மறந்துருமுங்க.”

“மறந்தா என்ன?”

நான் எழுதிக்கொண்டே இருந்தேன். அவள் என் பின்னால் வந்து உட்கார்ந்து, “தல குருவிக்கூடு மாதிரி இருக்கு, எழுத மட்டும் தெரியுது” என்று சீப்பை எடுத்துச் சிக்கெடுத்தாள். அம்மாவுக்குப் பிறகு என் தலையை ஒருவர் தொட்டது அன்றுதான். ஜூலை 22. நேரம் எழுதவில்லை.

ஆகஸ்ட் 18 காலை பிள்ளைக்குப் பேதி. ராத்திரியிலிருந்து ஒன்பது தரம் என்றாள் புஷ்பம். கண் குழிந்திருந்தது. அவள் மூத்த பிள்ளையும் இப்படித்தானே போயிருப்பான்? நான் எழுதாமல் மறைத்த பிள்ளை என் அறையில் போனால்? அவளை வேலைக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கொதித்து ஆறின தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கலந்து கரண்டி கரண்டியாகக் கொடுக்கச் சொன்னேன். பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டும் எழுதி, ஜீப்புக்கும் சொல்லிவைத்தேன். புஷ்பம் சீட்டைப் பார்த்தாள், கரண்டியை நிறுத்தவில்லை.

“பன்னெண்டு மணிக்குள்ள ஒண்ணுக்குப் போகோணும். போகலீன்னா கிளம்பறோம். நானும் ஜீப்புல வருவேன்.”

“நீங்களும் வருவீகளா?”

“வருவேன். திரும்பி வர்ற வரைக்கும் மடிய விட்டு எறக்க மாட்டேன்.”

அவள் தலையாட்டினாள். பதினொன்றே முக்காலுக்கு ஜெயராணி என் புடவையை நனைத்தாள். புஷ்பம் அந்த ஈரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பிறகு எல்லாம் ஏறுமுகம். பொய்க் கோட்டை மாதம் நூறு கிராமுக்கு மேல் ஏற்றாமல் பிடித்துவைத்தேன். உண்மைக் கோடு அதைத் துரத்திக்கொண்டு வந்தது. அக்டோபர் 8, வெள்ளிக்கிழமை, இரண்டும் ஒன்றாயின. எட்டு கிலோ நூறு. அட்டையில் இருப்பதும் டைரியில் இருப்பதும் ஒரே எண். நான்கு மாதமாக நான் காத்திருந்த நாள்.

“எவ்ளோ நர்சம்மா?”

“இன்னுங் கொஞ்சம் ஏறோணுமுங்க,” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று டைரியில் இல்லை. அன்றைக்கு எழுதியது ‘8.1’ மட்டும். உங்களிடம் சொல்கிறேன்: எட்டு நூறு என்றால் அவள் மறுநாள் வர வேண்டியதில்லை. இரண்டு வாரம் அப்படியே ஓட்டினேன். ஒரு பிள்ளையின் உயிருக்காகச் சொன்ன பொய்க்கு வெட்கப்படாதவள், அந்த இரண்டு வாரத்துக்கு இன்னும் வெட்கப்படுகிறேன்.

அக்டோபர் 22 காலை அவளே பிள்ளையைத் தூளியில் போட்டுத் தராசைப் பார்த்தாள். கொழுந்துத் தராசைப் படிக்க அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“எட்டுக்கு மேல ஒரு கோடு தாண்டிருச்சே. என் இடுப்புக்கு எப்பவோ தெரியும் நர்சம்மா, இவ கனத்துட்டான்னு. நீங்கதான் கொறச்சல் கொறச்சல்னீக.” என் முகத்தைப் பார்த்தாள். அங்கே என்ன தெரிந்ததோ, மெதுவாகச் சிரித்தாள். “நீங்களும் நட்டு வச்சீகளோ?”

நான் பிள்ளையைத் தூளியிலிருந்து எடுத்தேன்.

“நாளையிலருந்து வர வேண்டாமுல்ல? விடியக்கால எந்திரிச்சு ஓடியாந்து, ஒங்களுக்கும் தொந்தரவு.”

தொந்தரவு இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சும்மா வாருங்கள் என்றால் வந்திருப்பாள். சும்மா வரச் சொல்லி ஒருவரைக் கூப்பிட எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

“வேண்டாமுங்க,” என்றேன். “மாசம் ஒருக்கா எடைக்கு வந்தாப் போதும்.”

அந்த எஸ்டேட் இப்போது மூடிக் கிடக்கிறது. போன மாதம் குமுளி வரை போய் வந்த ஒருவர் சொன்னார். கவாத்து செய்ய ஆளில்லாமல் தேயிலை தலைக்குமேல் மரமாக நிற்கிறதாம். லயங்களில் ஓடு இல்லை, பிள்ளைக் கொட்டகை இருந்த இடம் தெரியவில்லை, அங்கிருந்தவர்கள் கம்பம், தேனி, திருப்பூர் என்று இறங்கிவிட்டார்கள். ஜெயராணிக்கு இப்போது இருபத்தொன்பது நடக்கும். எங்கே இருக்கிறாள் என்று தெரியாது. அவளுக்கு என்னைத் தெரிந்திருக்க நியாயமே இல்லை.

எனக்கு அந்த எஸ்டேட் மூடியது அன்றைக்கே, அக்டோபர் 22ஆம் தேதி காலை ஆறு ஐம்பதுக்கு. மறுநாள் சனிக்கிழமை. ஐந்தேகாலுக்கு எழுந்து, முகம் கழுவியதும் முதல் வேலையாக, மாற்றல் கேட்டு விண்ணப்பம் எழுதினேன். காரணம் என்று அச்சடித்திருந்த இடத்தில், குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதினேன்.